முதல் பிள்ளைக்கு முன்னும் கடைசிப் பிள்ளைக்குப் பின்னும்

கேள்வி: மதுராந்தகம் வட்டாரக் கிராமங்களில், ஒரே குடும்பத்துப் பெண்களுள் இளைய மருமகள் எந்தக் கருத்தடை முறையையும் பின்பற்றாதவராகவும், மூத்த மருமகள் இரண்டாம் பிரசவத்தோடு குடும்பக்கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவராகவும், நாற்பதைக் கடந்த நாத்தனார் மறுபடியும் ஒன்றும் இல்லாதவராகவும் இருப்பதைக் காண முடிகிறது. இதற்கு வயதுதான் காரணமா, படிப்பா, வீட்டு வழக்கமா?
— வாசகி, கருங்குழி

பதில்: வயது தனியே எதையும் தீர்மானிப்பதில்லை. குறிப்பிட்ட வயதில் ஒரு பெண் குடும்பத்தில் எந்த நிலையில் இருக்கிறார், அவரிடம் இன்னும் எத்தனை பிள்ளைகள் எதிர்பார்க்கப்படுகின்றன, சுகாதாரத் துறை அவரை எந்தச் சந்தர்ப்பத்தில் சந்திக்கிறது ஆகிய மூன்றும் சேர்ந்தே அவருடைய கருத்தடைப் பயன்பாட்டை முடிவு செய்கின்றன. முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. மூன்றாவதே தமிழ்நாட்டைப் பொறுத்தவரை மிகக் குறைவாகக் கவனிக்கப்பட்டதும், மிக அதிகமாக விளைவை நிர்ணயிப்பதும் ஆகும்.

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்கள் நூறு பேரில் ஏறத்தாழ 69 பேர் ஏதேனும் ஒரு கருத்தடை முறையைச் சார்ந்திருக்கின்றனர். இந்த அளவே ‘கருத்தடைப் பயன்பாட்டு விகிதம்’ எனப்படுகிறது. அந்த 69 பேருள் 58 பேர் தாமே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி, ஊசி, இயற்கை முறைகள் அனைத்தும் எஞ்சிய பதினொருவருக்குள் அடங்கிவிடுகின்றன. இந்திய அளவில் மொத்தப் பயன்பாடு ஏறத்தாழ இதே அளவில், நூற்றுக்கு 67 பேராக இருந்தபோதிலும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் 38 பேர் மட்டுமே. மதுராந்தகம் அடங்கிய செங்கல்பட்டு 2019 நவம்பர் 29 அன்றுதான் தனி மாவட்டமானது. ஆய்வோ 2017ஆம் ஆண்டின் மாவட்ட எல்லைகளைப் பின்பற்றியதால் மதுராந்தகத்துப் பெண்கள் காஞ்சிபுரக் கணக்கிலேயே சேர்க்கப்பட்டுள்ளனர். ஆகவே மாநில எண்களைக் கொண்டே இவ்வட்டாரத்தைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரே முறை இவ்வளவு ஓங்கி நிற்கும் இடத்தில், அந்த முறைக்கு உரிய வயதை எட்டாதவர்களும் அந்த வயதில் அதைத் தவறவிட்டவர்களும் குடும்பக்கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றனர். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாள், புதன்கிழமை குழந்தைகளுக்கான தடுப்பூசி நாள். கிராம சுகாதார செவிலியரின் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் புதுமணப் பெண்ணின் பெயரும் நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணின் பெயரும் இருக்கின்றன என்றாலும், அவர்களுக்கென்று வாரத்தில் ஒரு கிழமை இல்லை. ஒரகடத்துக்கும் மறைமலை நகருக்கும் கம்பெனிப் பேருந்தில் ஷிஃப்ட் வேலைக்குச் செல்லும் பெண்ணோ, செவிலியர் வீடுவீடாக வரும் பகல் வேளையில் வீட்டில் இருப்பதேயில்லை.

படிப்பு எதிர்பார்க்கும் திசையில் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிப்படிப்பு கூடக் கூடக் கருத்தடைப் பயன்பாடு கூடும் என்பது பொதுவான எண்ணம்; ஆனால் இந்தியாவில் நிரந்தர அறுவைச் சிகிச்சை படிப்புக் குறைந்த பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது, படிப்பு கூடுகையில் ஆணுறை முதலான தற்காலிக முறைகள் அதிகமாகின்றன. படிப்பு ஒரு பெண்ணைக் கருத்தடைக்கு அழைத்து வருவதைவிட, வெவ்வேறு முறைகளைக் கேட்டு வாங்கும் துணிவைத் தருவதே அதிகம் எனலாம்.

கேள்வி: திருமணமான புதிதில் மாத்திரை சாப்பிட்டால் பிறகு பிள்ளையே தங்காது என்று மூத்த பெண்கள் எச்சரிக்கின்றனர். இது உண்மையா? இளம் பெண்கள் கருத்தடையைத் தவிர்ப்பதற்கு இந்த அச்சம்தான் காரணமா?
— வாசகி, அச்சிறுபாக்கம்

பதில்: உண்மையன்று. அரசு இலவசமாக வழங்கும் மாலா-என் உள்ளிட்ட கூட்டு மாத்திரைகள், அதாவது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்னும் இரு ஹார்மோன்களும் கலந்தவை, சினைமுட்டை வெளிப்படுவதைத் தற்காலிகமாகத் தடுக்கின்றன; நிறுத்திய சில வாரங்களிலேயே பெரும்பாலோருக்கு மாதச் சுழற்சி பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு இன்று ‘சாயா’ என்ற பெயரில் கிடைக்கும் சென்ட்குரோமன் மாத்திரையில் ஹார்மோனே இல்லை. முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறையும் அதன் பின் வாரம் ஒருமுறையும் அதை எடுத்துக்கொண்டால் போதும். தாமதம் ஏற்படுவது ‘அந்தரா’ எனப்படும் மூன்று மாத ஊசியில் மட்டுமே. ஊசியை நிறுத்திய பின் கருத்தரிக்கச் சராசரியாக ஏழு முதல் பத்து மாதங்கள் ஆகலாம். அதுவும் தாமதமே தவிர மலட்டுத்தன்மை அன்று. விரைவில் பிள்ளை வேண்டும் என்று நினைப்பவருக்கு அந்த ஊசி பொருந்தாது என்பதைச் செவிலியர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அச்சம் ஒரு காரணமே. அதற்குப் பின்னால் வலுவான வேறொன்று இருக்கிறது. மணமான ஓராண்டுக்குள் ‘விசேஷம் ஏதும் உண்டா’ என்ற கேள்வி உறவினர் வீட்டு நிகழ்ச்சிதோறும் எழும் சூழலில், முதல் கருவுறுதல் ஒரு பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் நிலைபெறுவதற்கான சான்றாகவே அமைந்துவிடுகிறது. பிள்ளைப்பேறு தள்ளிப்போனால் குறை தன்மீதுதான் விழும் என்பதை அறிந்த பெண், தள்ளிப்போடும் மருந்தை எப்படிக் கையில் எடுப்பார்? மாத்திரையைப் பற்றிய வதந்தியைத் திருத்துவது எளிது. இந்தக் கணக்கைத் திருத்துவது எளிதன்று. மருத்துவமனையில் தொங்கும் விளக்கப் பலகைகள் மருமகளை நோக்கியே எழுதப்பட்டிருப்பது ஒரு பிழை. அவற்றைப் படிக்க வேண்டியவர்கள் மாமியாரும் கணவரும் ஆவர்.

முதல் கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவதில் மருத்துவக் காரணம் வலுவாக உள்ள பிரிவினரும் இளவயதில் மணமான இப்பெண்களே. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 13 பேர் பதினெட்டு நிறையும் முன்னரே மணம் முடிக்கப்பட்டவர்கள். ஏரிக்கரைகளிலும் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் வாழும் இருளர் குடும்பங்கள் போன்ற, வேலைக்காக இடம்பெயர்ந்துகொண்டே இருப்போரை எந்தத் துணை சுகாதார நிலையமும் தொடர்ந்து பின்பற்றுவது அரிது என்பதால், இளவயது மணமும் கருத்தடைச் சேவையின்மையும் அங்கே ஒன்றையொன்று கூட்டிக்கொள்கின்றன.

மணமாகாத பெண்களின் நிலையை இத்தகைய எண்களிலிருந்து அறியவே இயலாது. மேலே காட்டிய கருத்தடை விகிதங்கள் யாவும் மணமானவர்களைப் பற்றியவை. சட்டம் இந்த இடத்தில் வழக்கத்தை முந்திச் சென்றிருக்கிறது: 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம் ‘கணவர்’ என்றிருந்த இடத்தில் ‘இணையர்’ என்று மாற்றியது, 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பில் மணமானவருக்கு உள்ள அதே உரிமை மணமாகாத பெண்ணுக்கும் உண்டென்றும், பதினெட்டு நிறையாதவர் விஷயத்தில் அவரும் அவருடைய பாதுகாவலரும் வேண்டிக்கொண்டால் காவல்துறைக்கு அளிக்கும் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்றும் தீர்ப்பளித்தது. கருத்தடை தவறியபின் பெண்ணுக்குக் கிடைக்கும் உரிமை இவ்வளவு தெளிவாக இருக்க, தவறாமல் இருப்பதற்கான ஆலோசனை அதே பெண்ணுக்கு எந்த மருத்துவமனைச் சன்னலிலும் இயல்பாகக் கிடைப்பதில்லை.

கேள்வி: முதல் பிரசவம் முடிந்ததுமே காப்பர்-டி பொருத்திவிடுகின்றனர். சிலருக்கு அது பொருத்தப்பட்டதே பிறகுதான் தெரிய வருகிறது என்ற பேச்சும் உண்டு. இந்த முறை நல்லதா?
— வாசகி, படாளம்

பதில்: முறை நல்லது, கேட்காமல் செய்வது எந்த நிலையிலும் தவறு. நஞ்சுக்கொடி வெளிவந்த பத்து நிமிடங்களுக்குள்ளோ, பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ கருப்பையில் செப்புச் சாதனத்தைப் பொருத்துவது ‘பிரசவத்துக்குப் பிந்தைய காப்பர்-டி’ எனப்படும். அந்தக் காலம் கடந்துவிட்டால் ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டும். 380-ஏ வகை பத்து ஆண்டுகளும் 375 வகை ஐந்து ஆண்டுகளும் பயன் தரும், விரும்பியபோது எடுத்துவிடலாம், பாலூட்டலுக்குத் தடையில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நிகழ்வதால் இம்முறை இங்கே வேகமாகப் பரவ முடிந்தது. ஆயினும் அதற்கான ஒப்புதல் கர்ப்ப காலப் பரிசோதனைகளின்போதே, கேள்வி கேட்க நேரம் இருக்கும்போதே பெறப்பட வேண்டும். வலியெடுத்துப் படுத்திருக்கும் பெண் தலையசைப்பதை ஒப்புதல் என்று கொள்வது மருத்துவ நெறிக்கு ஒவ்வாது.

இவ்வட்டார வழக்கத்தில் இம்முறையோடு பிணைந்த ஒரு சிக்கல் உண்டு. வளைகாப்புக்குப் பின் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது பெரும்பாலான குடும்பங்களில் மரபு. ஆகவே சாதனம் பொருத்தப்படுவது தாய்வீட்டை ஒட்டிய மருத்துவமனையில். ஆறாம் வாரத்தில் அது இடம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதும் அங்கே. ஆனால் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பெண் கணவன் வீட்டுக்குத் திரும்பியபின் உதிரப்போக்கோ வலியோ ஏற்பட்டால் அணுக வேண்டிய செவிலியர் வேறொருவர், அவருக்குப் பொருத்திய விவரமே தெரிந்திருக்காது. பிரசவத்தை ஒட்டிப் பொருத்தப்படும் சாதனம் பின்னாளில் பொருத்துவதைவிடத் தானே வெளியேறிவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்த இடைவெளி சிறியதன்று. பொருத்திய நாள், வகை, எடுக்க வேண்டிய ஆண்டு ஆகியவை எழுதப்பட்ட அட்டையைப் பெண் தம்மோடு எடுத்துச் செல்வது அவசியம்.

பாலூட்டுவதே கருத்தடை என்று நம்பி இருந்துவிடுவதும் இந்த இடைக்காலத்தில்தான் நிகழ்கிறது. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல் இருத்தல், இரவு பகல் பாராது தாய்ப்பால் மட்டுமே கொடுத்தல், மாதவிலக்கு திரும்பாமல் இருத்தல் ஆகிய மூன்றும் ஒருசேரப் பொருந்தும் வரையில்தான் அந்த நம்பிக்கை செல்லும். ஒன்று தவறினாலும் வேறு முறை தேவை.

கேள்வி: இருபத்தைந்து, இருபத்தாறு வயதிலேயே பெண்கள் நிரந்தர அறுவைச் சிகிச்சை செய்துகொள்வது ஏன்? ஆண்கள் ஏன் முன்வருவதில்லை? கணவரின் கையெழுத்து கட்டாயமா?
— வாசகர், செய்யூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் விடை கூறிவிடலாம். கட்டாயமில்லை. நடுவண் அரசின் தர வழிகாட்டுதல்களின்படி, மணமானவராக, 22 முதல் 49 வயதுக்குள், ஓராண்டைக் கடந்த ஒரு குழந்தையேனும் உடையவராக இருக்கும் பெண்ணின் ஒப்புதலே போதும். கணவரின் ஒப்புதல் தேவையில்லை. நடைமுறையில் கையெழுத்து கேட்கப்படுவது பின்னால் தகராறு வந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையால்.

இளவயதிலேயே அறுவைச் சிகிச்சை நடப்பதற்கு விளக்கம் பெண்ணின் மனத்தில் மட்டும் இல்லை, திட்டத்தின் அமைப்பிலும் இருக்கிறது. இருபதை ஒட்டி மணம், இரண்டு மூன்றாண்டு இடைவெளியில் இரு பிரசவங்கள், ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று இரண்டு தலைமுறைகளாக ஒலித்த முழக்கம் ஆகியவை சேர்ந்தால் இருபதுகளின் நடுவிலேயே குடும்பம் ‘முடிந்துவிடுகிறது’. மேலும் தமிழ்நாட்டில் ஐந்தாவது ஆய்வின்படி நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். வயிறு ஏற்கெனவே திறக்கப்பட்டிருக்கும்போது அதோடு கருக்குழாயையும் கட்டிவிடலாம் என்ற யோசனை மருத்துவருக்கும் குடும்பத்துக்கும் ஒருங்கே எளிதாகத் தோன்றுகிறது. அரசு நலத்திட்டங்களும் இதே திசையில் தள்ளுகின்றன: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி முதல் இரு பிரசவங்களுக்கே உரியது, பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொடங்கப்பட்ட பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தின் வைப்புத்தொகையைப் பெற, பெற்றோரில் ஒருவர் குறிப்பிட்ட வயதுக்குள் அறுவைச் சிகிச்சை செய்திருக்க வேண்டும். ‘பெற்றோரில் ஒருவர்’ என்று விதி சொல்கிறது. அந்த ஒருவர் யார் என்பதை வீடு சொல்லிவிடுகிறது.

இந்த அவசரத்துக்கு ஒரு விலை உண்டு. அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களைப் பதினான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்றில், முப்பது வயதுக்குள் செய்துகொண்டவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரும், முப்பதைக் கடந்தபின் செய்துகொண்டவர்களுள் நூற்றுக்கு ஆறு பேரும் அதற்காகப் பின்னர் வருந்தியது தெரிய வந்தது. தமிழகக் கடற்கரை இதைக் கொடிய முறையில் அறிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுள் பலர், நாகப்பட்டினம் பகுதியில் குறிப்பாக, ஏற்கெனவே கருக்குழாய் கட்டிக்கொண்டவர்கள். குழாயை மீண்டும் இணைக்கும் ‘மறு இணைப்பு’ அறுவைச் சிகிச்சையை அரசே ஏற்று நடத்துவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. எஞ்சியிருக்கும் குழாயின் நீளம், முன்னர் கட்டிய விதம், பெண்ணின் வயது ஆகியவற்றைப் பொறுத்தே அது பலிக்கும்; பலருக்குப் பலிக்கவில்லை. நிரந்தரம் என்ற சொல்லை ஒப்புதல் படிவத்தில் படிப்பதற்கும் வாழ்க்கையில் சந்திப்பதற்கும் இடையே உள்ள தொலைவை வேறெந்த நிகழ்வும் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியதில்லை.

ஆண்கள் என்றுமே ஒதுங்கி நின்றவர்கள் அல்லர் என்பதே இன்றைய நிலையை விளங்கிக்கொள்ள உதவும் செய்தி. பெண் விடுதலையின் ஒரு பகுதியாகக் ‘கர்ப்ப ஆட்சி’யை, அதாவது கருத்தடையை, பெரியார் 1930களிலேயே வலியுறுத்தினார், 1936இல் அப்பெயரிலேயே நூலும் வந்தது. நாடு விடுதலையடைந்தபின், 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்து பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரான ஆர்.ஏ. கோபாலசாமியின் முனைப்பில், 1956 முதல் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோருக்கு உதவித்தொகை வழங்கும் வழக்கத்தை நாட்டிலேயே முதலாவதாகச் சென்னை மாநிலம் தொடங்கியது. அக்காலத்தில் முன்னிறுத்தப்பட்டது ஆண்களுக்கான வாசெக்டமியே. ஆள் சேர்த்து வருபவருக்கும் பின்னர் கட்டணம் தரப்பட்டது. நெருக்கடி நிலையின்போது, 1976–77இல் மட்டும், நாடெங்கும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன; அவற்றுள் 60 லட்சத்துக்கு மேற்பட்டவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. கட்டாயத்தின் கசப்பு ஆண்களை அதிலிருந்து விலக்கியது. வாக்குரிமையின் வலிமையை 1977 தேர்தலில் கண்ட அரசுகளும் ஆண்களை மீண்டும் அணுகத் துணியவில்லை. அதே காலத்தில் வந்த லேப்ராஸ்கோப்பிக் கருவி பெண்களுக்கான சிகிச்சையைச் சுருக்கமாக்கியது. சுமை முழுவதும் இடம் மாறியது அப்போதுதான். இன்று தமிழ்நாட்டில் ஆயிரம் தம்பதியருள் கணவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஒருவர் என்ற அளவே உள்ளது.

தழும்பில்லா வாசெக்டமி கால் மணி நேரத்தில் முடிவது. வயிற்றைத் திறக்க வேண்டாம். உதவித்தொகையும் பெண்ணுக்குத் தருவதைவிட ஆணுக்குக் கூடுதல். உடல் வலிமை குன்றும், வேலைக்குப் போக முடியாது என்ற அச்சமே தடை. வலிமைக்குக் காரணமான ஹார்மோன் விந்துக்குழாயின் வழியே செல்வதில்லை, குருதியில் கலந்தே செல்கிறது என்பதால் அதற்கு அடிப்படை இல்லை. சிகிச்சைக்குப்பின் மூன்று மாதங்கள் ஆணுறை பயன்படுத்தி, விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லையென உறுதிசெய்த பின்னரே அதை முழுமையாக நம்ப வேண்டும். இது சொல்லப்படாததால் ஏற்படும் கர்ப்பத்துக்குச் சந்தேகத்தின் பழியைச் சுமப்பவரும் மனைவியே.

கேள்வி: நாற்பத்தைந்து வயதில், மாதவிலக்கு முறை தவறத் தொடங்கியபின், கருத்தடை தேவையா?
— வாசகி, மாமல்லபுரம்

பதில்: தேவை. இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் வயது சராசரியாக 46, 47 என்றாலும், முறை தவறுவது நின்றுபோவதாகாது. இரண்டு மாதம் வராமலிருந்து மூன்றாம் மாதம் சினைமுட்டை வெளிப்படலாம். மகளுக்கு வரன் பார்க்கும் வயதில் தாய் கருவுறுவது வெளியில் சொல்ல இயலாத கூச்சமாகக் கருதப்படுவதால், மருத்துவரிடம் செல்லாமல் மருந்துக்கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்கி, கடும் உதிரப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்து சேர்வது இந்த வயதினரிடமும் நிகழக்கூடியது. அம்மாத்திரைகள் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டியவை.

வயது ஒன்றையே காரணமாக்கி எந்த முறையையும் மறுக்க வேண்டியதில்லை. எனினும் உயர் இரத்த அழுத்தம், நீண்ட நாள் சர்க்கரை நோய், ஒற்றைத் தலைவலி உடையோருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஏற்றதன்று. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்த வருகையின்போது கருத்தடையைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கப்படுமானால், நாற்பதைக் கடந்தவர்களுக்கு இதுவரை இல்லாத ஒரு வழி திறக்கும். முன்னர் பொருத்திய காப்பர்-டியின் காலம் முடிந்ததை மறந்துவிட்டவர்களும் அப்போது கண்டறியப்படுவர். ஆணுறை எந்த வயதிலும் பொருந்தும். அதிக உதிரப்போக்கால் அவதிப்படுவோருக்கு ஹார்மோன் வெளிவிடும் கருப்பைச் சாதனம் உதிரப்போக்கு, கருத்தடை ஆகிய இரண்டுக்கும் தீர்வாகும் என்றாலும், அது பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில், கூடுதல் விலையில் கிடைக்கிறது. உதிரப்போக்கு என்றதும் கருப்பையையே அகற்றிவிடலாம் என்ற ஆலோசனை கிடைத்தால், இச்சாதனத்தைப் பற்றிக் கேட்டு, இரண்டாவது மருத்துவரின் கருத்தையும் அறிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

எப்போது நிறுத்தலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. கடைசி மாதவிலக்கு ஐம்பது வயதுக்கு முன் வந்திருந்தால் அதிலிருந்து இரண்டு ஆண்டுகளும், ஐம்பதுக்குப் பின் வந்திருந்தால் ஓராண்டும் கருத்தடையைத் தொடர வேண்டும். ஊசியோ ஹார்மோன் மாத்திரையோ பயன்படுத்துவோருக்கு மாதவிலக்கைக் கொண்டு இதைக் கணிக்க இயலாது. அவர்கள் மருத்துவரிடம் கேட்டே நிறுத்த வேண்டும்.